பாலத்தில் நிற்காத வண்டி

"பழைய பிரஷ் எங்க இருக்கு?" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது.

குளியலறைச் சன்னலில் பிளாஸ்டிக் குவளைக்குள் கிடந்த பழைய பல் பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன். காம்பு என் கையில் இருந்தது. நார்ப் பக்கத்தைப் பிடித்துத்தான் அவர் வாங்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு, கைலியைத் தூக்கிக் கட்டி, சந்தில் நின்ற வண்டிக்கு முன்னால் போய்க் குந்தினார். தை மாதத்துக் காலை. தாமுவே சந்தைக்குப் போகிற பெண்கள் கன்னத்தில் பூசிய தனாக்காச் சாந்து காயாமலே போய்க்கொண்டிருந்தார்கள். இரும்புக் கதவின் கம்பிகளுக்குள்ளிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் நம்பர் பிளேட்டை அவர் எப்போதும் கந்தல் துணியால் ஒரு தடவு தடவி விட்டுவிடுவார். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இன்னொன்று உண்டு. கரும்பச்சை நிறம், மூலையில் ஒரு நட்சத்திரம், ஓர் எண், முன்னாள் படைவீரர் என்று பர்மிய எழுத்து. மூன்று மூலைகளில் போல்ட்டு, நாலாவதில் கம்பி. அதை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்ப்பார், எழுத்தின் வளைவுகளுக்குள் எல்லாம். கியாக்தானில் ஆற்றங்காற்றின் உப்பு ஒட்டிக்கொள்கிறதாம். உப்பு அந்தப் பிளேட்டில் மட்டுமா ஒட்டும் என்று நான் கேட்டதில்லை. அப்போதெல்லாம் நான் அவரிடம் எதையும் கேட்பதில்லை.

பிரஷ்ஷைக் குவளையில் திரும்ப வைத்துவிட்டு, "வரேன்" என்றார். நான் "ம்" என்றேனா என்பது நினைவில்லை.

இருபத்தொன்பது வருடம் என்னோடு வாழ்ந்த சபாபதி, கியாக்தானிலிருந்து வாழைத்தாரும் தேங்காயும் ஏற்றி, ஆற்றுப் பாலத்தில் பட்டாளத்துச் சோதனைக் கேட்டைத் தாண்டி வந்து, ரங்கூனில் எங்கள் தாமுவே சந்தையில் இறக்குகிறவர். சின்ன லாரி ஒன்றுதான் எங்கள் சொத்து. பிள்ளைகள் இல்லை. அந்தப் பச்சைப் பிளேட்டு இரண்டாயிரத்து இருபத்து மூன்று மழைக்காலத்தில் செய்தித்தாளில் சுற்றப்பட்டு வீட்டுக்கு வந்தது. அப்போது அவருடைய தம்பி கார்த்திகேசனும் வந்திருந்தார்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"பட்டாளத்துல இருந்தவங்க வண்டிக்குக் குடுக்குறது."

"நீங்க எப்போ பட்டாளத்துல இருந்தீங்க?"

"பாலத்துல நிக்க முடியல மஞ்சு. கேட்டுல மூணு மணி நேரம் வெயில்ல போட்டுர்றான். பூவன் தாரெல்லாம் கறுத்துப் போவுது."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் பதில் மாதிரிதான் எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் எந்தக் காகிதத்துக்கும் ஒரு தரகன் இருப்பான், இதற்கும் ஒருவனைப் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். கார்த்திகேசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணி, இனிமே அண்ணன் உள்ள வந்தா எந்திரிச்சு சல்யூட் அடிக்கணும் பாத்துக்குங்க. இல்லேன்னா உங்களையும் வண்டில ஏத்திட்டுப் போயிருவாரு." இவர் சிரிக்கவில்லை. வெளியே போய் ஸ்பேனரை எடுத்து போல்ட்டை முடுக்க ஆரம்பித்தார். நாலாவது துளை பொருந்தவில்லை என்று கம்பியைச் சுற்றினார்.

பிளேட்டு வந்தபின் வண்டி பாலத்தில் நிற்கவில்லை. கேட்டில் நிற்கிறவன் தூரத்திலேயே பார்த்துக் கையை ஆட்டிவிடுவான். எல்லாருக்கும் முன்னால் எங்கள் தார் சந்தையில் இறங்கியது. சந்தைக்காரர்களுக்குச் சந்தோஷம். எங்கள் சந்துக்குத்தான் பேச்சு நின்றுபோனது. வண்டி உள்ளே வரும்போது வாசல்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள் காயப்போட்ட துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிள்ளையைக் கூப்பிடுவார்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் தங்கள் வண்டியை விடுவதில்லை. நடந்துபோகிறவர்கள் அதன் பக்கத்தில் வந்ததும் எதிர்ச் சாக்கடை ஓரத்துக்கு ஒதுங்கி, வளைந்து போய், பிறகு நடுவுக்கு வருவார்கள். ஆள் காட்டிக் கொடுக்கிறவனை இங்கே தலான் என்பார்கள். அந்தச் சொல்லை எங்கள் காதுபட ஒருவரும் சொன்னதில்லை. அந்த வளைவு சொன்னது.

எதிர்வீட்டு ஆபித் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவன் மனைவி ருக்சார் ஒவ்வொரு நோன்பிலும் முதல் நாள் கஞ்சியை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, "மஞ்சுக்கா, சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க" என்று கதவுக் கம்பிக்குள் கையை விட்டு நீட்டுவாள். பதினோரு வருடமாக அப்படித்தான். பிளேட்டு வந்த பிறகு வந்த நோன்பில் தூக்கு வரவில்லை. "மறந்துருப்பா" என்றார் இவர். மறு வருடமும் மறந்தாள்.

ஆயுத பூஜை அன்று இவர் செய்த ஒன்றையும் சந்தே பார்த்தது. எங்கள் வழக்கப்படி வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஸ்டியரிங், கண்ணாடி, ஸ்பேனர்கள், ஜாக்கி, தார் கட்டுகிற கயிறு, அரிவாள், ஏன், காற்றடிக்கிற பம்புக்குக்கூடப் பொட்டு உண்டு. நம்பர் பிளேட்டுக்கு வைத்தார். கீழே பச்சைப் பிளேட்டுக்கு விரல் வந்தது, நின்றது, கைலியில் துடைத்துக்கொண்டது. போலிப் பிளேட்டு, சாமிக்குக் காட்டப் பயப்படுகிறான் என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். பிளேட்டில் ஒரு பொட்டு இருந்தாலும் அவனுடைய பட்டாளத்து ஆட்கள் கேள்வி கேட்பார்கள், அதனால்தான் என்று வேறு சிலர். நான் எதை நம்பினேன் என்றால், இரண்டையும் நம்பினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் மூலை வீட்டு பர்மிய டீச்சரை உச்சி வெயிலில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒற்றை ஆள், பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்பவரும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே இவர் என்னிடம் கேட்டிருந்தார்.

"மூலை வீட்டு டீச்சரம்மா ஊர்லதான் இருக்காங்களா?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

அன்றிலிருந்து அவர் குளிக்கப் போகும்போது சட்டைப் பையைத் துழாவ ஆரம்பித்தேன். பாக்குத் தூள், சுண்ணாம்புக் கறை, சந்தைச் சீட்டு. போனில் யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். தேங்காய்க்காரி, தம்பி, மறுபடியும் தேங்காய்க்காரி. ஒன்றும் கிடைக்காதது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. ஒன்றும் கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் தோன்றியது. ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கலாம். இல்லை என்றால் நம்பியிருக்கமாட்டேன். ஆமாம் என்றால் அன்றைக்கு ராத்திரிக்குச் சோறு எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிரஷ் கேட்டு வாங்கிப் போன அன்று பன்னிரண்டரைக்குக் கார்த்திகேசன் போனில் கூப்பிட்டார். மற்றதெல்லாம் பிறகு ஒவ்வொருவரும் சொல்ல நான் சேர்த்துக்கொண்டது. லோடு ஏற்றித் திரும்பிய வண்டி, பத்து மணிக்குச் சற்று முன்னால், பாலத்துக்கு இந்தப் பக்கம் வராமல் அந்தப் பக்கமே, கேட்டுக்கு நூறு கஜம் முன்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒதுங்கி நின்றிருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிலிருந்து ஒருவன் பாதி தூரம் வந்து, பிளேட்டைப் பார்த்து, திரும்பிப் போய்விட்டான். மரத்தடியில் டீ விற்றவர் தன் முக்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாலையின் எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி. கடைசியில் கியாக்தானில் இவருக்குத் தேங்காய் போடுகிற பர்மியக் கிழவி, ஊருக்குள் வரும் பஸ்ஸில் வரிசையில் மாட்டிக்கொண்டவள், சன்னலில் பார்த்திருக்கிறாள். "ஏய், கோ மியா மவுங், இன்னும் இங்கேயா நிற்கிறாய்?" என்று கத்திக்கொண்டே இறங்கிவந்து கதவைத் திறந்தாளாம். கோ என்பது மரியாதைக்கு, மியா மவுங் என்பது இவருடைய அடையாள அட்டையிலுள்ள பர்மியப் பெயர். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று உண்டு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சடைப்பு என்றார். வண்டி எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தார்கள் என்று கேட்டார். சொன்னோம். பேனாவை மூடிவிட்டு, சற்று நேரம் அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுக்கிற அன்று சந்து முழுக்க வாசல்களில் நின்றது. தோள் கொடுக்க கோயிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆபித் எதிர்வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றான். ருக்சார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் பொத்தான் போட்ட மேல்கோட்டும் அணிந்த ஒரு பர்மியப் பெரியவர் கதவருகே செருப்பைக் கழற்றினார். ஊ சோ டின் என்று பெயர் சொன்னார். பட்டாளக் குடியிருப்புகள் இருக்கிற மிங்கலாடோனிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மிங்கலாடோன் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் லோடு கேட்டால் இவர் போகவே மாட்டார். அங்கேயுள்ள விமான நிலையத்துக்கு ஆளைக் கொண்டுவிடுவதென்றாலும் யாரையாவது வைத்து அனுப்புவார். தெரு குறுகல் என்பார். மிங்கலாடோன் சாலையைக் குறுகல் என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். நானும் இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார்.

"ஞீமா," என்று தங்கை முறை வைத்து பர்மியத்தில் தொடங்கினார். "பிளேட்டு இறந்தவர் பெயரில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். இல்லை, மனைவி என்று நீங்கள் இதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் சாட்சி போடுகிறேன்."

"அது தரகனிடம் வாங்கினதுதானே?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அதற்குக் கடிதம் கொடுத்ததே நான்தான். பட்டாளத்து மோட்டார் பிரிவில் மியா மவுங் எனக்குக் கீழே இருந்தார். முப்பத்து மூன்று வருடம் கழித்து ஒருநாள் வாசலில் வந்து நின்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. எதற்கு இப்போது என்று கேட்டேன். பாலத்தில் நிற்க முடியவில்லை என்றார்."

எனக்குச் சொன்ன அதே சொற்கள். இலை எடுத்துக்கொண்டிருந்த கார்த்திகேசன் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த வருஷம் இருந்தார்?"

"எண்பத்தாறில் சேர்ந்தார். தொண்ணூறில் போய்விட்டார்."

ரங்கூனில் வளர்ந்தவர்களுக்கு அந்த வருடங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எண்பத்தெட்டில், ஊர்வலம் போன மாணவர்களைப் பட்டாளம் சுட்டபோது, எனக்குப் பதினைந்து வயது. இதே தாமுவேயில், மழையில், சன்னல் பலகையின் இடுக்கு வழியாக லாரிகள் போவதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கும். ஓட்டுகிறவர்களின் முகம் தெரியாது, முழங்கை மட்டும் தெரியும். அந்த வருடங்களில் பெகூவில் சர்க்கரை ஆலை லாரியில் இருந்ததாக இவர் சொல்லியிருந்தார். கரும்பு எறும்பு கடித்த கதையெல்லாம் சொல்லியிருந்தார். நான் சிரித்திருக்கிறேன்.

"அங்கே அவருக்கு என்ன வேலை?"

"வண்டி ஓட்டினார்."

"என்ன ஏற்றினார்?"

பெரியவர் டீயை எடுத்தார். மெல்லக் குடித்தார். கடைசிவரை குடித்துவிட்டு, குவளையைத் தட்டில் சரியாக நடுவில் வைத்தார்.

"ஏற்றச் சொன்னதை," என்றார்.

பிறகு எழுந்து, காகிதங்களை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். நல்ல மனிதர் மாதிரி தெரிந்ததையும் நான் நம்பவில்லை.

கார்த்திகேசன் பக்கம் திரும்பினேன். அவர் கையிலிருந்த இலைகளை எண்ணுகிறவர் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்."

"அண்ணி..."

"சல்யூட் அடிக்கணும்னு சொன்னீங்களே."

"அம்மா சத்தியம் வாங்கிருச்சு அண்ணி. பொண்ணு வீட்டுல தெரிஞ்சா குடுக்க மாட்டாங்கன்னு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தோம். அப்புறம்... ஒவ்வொரு வருஷமும் அப்புறம்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் தமாஷ் பண்ணுனா அண்ணனே சொல்லிருவாருன்னு நெனச்சேன்."

"டீச்சரம்மா விஷயம்?"

"சத்தியமா அது எனக்குத் தெரியாது. அண்ணன் அப்படிச் செய்யுற ஆளா?"

எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது, எனக்கு இல்லை. அதைச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் இவருடைய தகரப் பெட்டியைக் கடைசி வரை கிளறினேன். கல்யாணப் பத்திரிகை, வண்டிக் காகிதம், என் தம்பி எழுதிய இரண்டு கடிதம். படம் இல்லை, சீருடைப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. நாலு வருடத்தை இவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைக்க முடிந்தவர் வேறு எதையெல்லாம் துடைத்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்த உடனே, அந்தப் பிளேட்டை மட்டும் ஏன் தினமும் அப்படித் தேய்த்தார் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. இன்னும் சேரவில்லை.

ஆபித் வந்தது மாசி முதல் வாரம், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து. கதவுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வா என்றும் வரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ருக்சாருக்குக்கூட நேத்துதான் சொன்னேன். சொல்லாம இருந்தா சோறு எறங்கமாட்டேங்குது."

"சொல்லு."

"அன்னைக்கு எனக்கு கியாக்தான் சவாரி. போகும்போது அண்ணன் வண்டியப் பாத்தேன். மரத்தடில. இன்ஜின் ஓடுது. இவரு எதுக்கு இங்க நிக்கிறாரு, இவருதான் பாலத்துல நிக்கிற ஆள் இல்லையேன்னு நெனச்சேன். யாரையோ பாத்து வச்சுக் காட்டிக் குடுக்க நிக்கிறாருன்னு..." நிறுத்தினான். "என் சவாரி ஒரு சின்னப் பொண்ணும் அவங்க அப்பாவும். தலைய குனிஞ்சுக்கங்கன்னு சொன்னேன் அக்கா. நானே சொன்னேன்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பி வரும்போது பதினொன்றரை இருக்கும். அப்பவும் அங்கதான். தலை இப்படிச் சாஞ்சு இருந்துச்சு." தன் தலையைத் தோளில் சாய்த்துக் காட்டினான். "தூங்குற மாதிரி நடிக்கிறாருன்னு நெனச்சேன். ஹார்ன் அடிக்கலாமான்னு தோணுச்சு. அடிக்கல."

பதினொன்றரை. டாக்டர் மூடிய பேனா ஞாபகம் வந்தது. ஆபித்தை ஏதாவது சொல்லித் திட்டவேண்டும் என்று இருந்தது. அதற்குரிய சொற்கள்கூட வாயில் வந்தன. ஆனால் அந்த மரத்தடி வழியாக அன்று பஸ்ஸில் நான் போயிருந்தால் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். சன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் வண்டி நிற்கிறது, தலை சாய்ந்திருக்கிறது. இறங்கியிருப்பேனா? அதற்கு மேல் நினைக்கவில்லை.

"டீச்சரம்மாவ அவருதான் காட்டிக் குடுத்தாருன்னு நெனைக்கிறியா, ஆபித்?"

"தெரியல அக்கா." தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "அப்போ தெரியும்னு நெனச்சேன். இப்போ தெரியல."

நான் உள்ளே போய் ஸ்பேனரைக் கொண்டுவந்து கம்பிக்கு வெளியே நீட்டினேன். இந்த முறை பிடி அவன் பக்கம் இருந்தது. என்ன செய்யவேண்டும் என்று அவன் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் குந்தினான். இரண்டரை வருடத்தில் சந்தில் ஒருவர் அந்த வண்டியின் அருகில் போய் உட்கார்ந்தது அன்றுதான். போல்ட்டுகள் எளிதாகக் கழன்றன, எண்ணெய் விட்டு வைத்திருந்திருக்கிறார். கம்பிதான் கழலவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியதில் ஆபித்துக்கு விரல் கிழிந்தது. "அண்ணன் கட்டுனா கட்டுனதுதான்," என்று முணுமுணுத்தான். சிரிப்பா அழுகையா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கையெழுத்துப் போடாத காகிதத்தோடு பிளேட்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கார்த்திகேசன் மிங்கலாடோனில் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது ஒன்று கொடுத்தார்கள். பாலத்தில் இப்போது எங்கள் வண்டியும் மூன்று மணி நேரம் நிற்கவேண்டியதுதான். ஆனால் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. வண்டி சந்திலேயே நிற்கிறது. அந்த மாசியிலேயே நோன்புக் கஞ்சி வந்தது. ருக்சார் கம்பிக்குள் கையை நீட்டி, "சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க" என்றாள். குடித்தேன். மூலை வீடு பூட்டியபடிதான் இருக்கிறது. பிரஷ் குவளையில் இருக்கிறது.

இது ஆவணி. மூன்று மாதமாக விடாத மழை. ஒவ்வொரு வருடமும் போல சந்தின் சிமெண்டுத் தரை முழுக்கப் பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. ஆட்கள் நடக்கிற இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு தடமாகத் தெரிகிறது. நேற்றுக் காலை மழை சற்று விட்டபோது மாடி வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கப் போனேன். அங்கிருந்து கீழே பார்த்தேன். தடம் சந்து முனையிலிருந்து நேராக வருகிறது. எங்கள் வண்டியின் பக்கத்தில் வந்ததும் எதிர்ச் சாக்கடை ஓரத்துக்கு வளைகிறது. வண்டியைத் தாண்டியதும் மறுபடி நடுவுக்கு வந்து நேராகப் போகிறது. இறங்கிக் கடைக்குப் போகும்போது, வழுக்கிவிடாமல் நானும் அந்தத் தடத்திலேயே கால் வைத்துப் போனேன். வண்டியை ஒட்டி ஓர் ஆள் அகலத்துக்குப் பாசி அப்படியே இருக்கிறது.